பீர் வாங்கப் போன இரண்டாம் நடை

1

சென்ற குறிப்பில், இங்கே ஒரு பெரிய பலசரக்கு அங்காடியின் மதுப் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஆறு வருடமாக இந்தப் பத்திரிகையில் பனியைப் பற்றி எழுதியிருக்கிறேன், துணி காயாததைப் பற்றி எழுதியிருக்கிறேன், தமிழ் பேச ஆளில்லாமல் காய்கறிக் கடையில் கத்தரிக்காயிடம் பேசியதைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறேன். அதற்கெல்லாம் வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்துவிட்டன. ஆசிரியர் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாசகர், "விஸ்கியில் என்னென்ன வகை, பீரில் என்னென்ன வகை, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று விளக்கி எழுதவும். எனக்குப் பழக்கம் இல்லை. பொது அறிவுக்காகக் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். காட்பாடியிலிருந்து ஒரு பேராசிரியரும் இதையே கேட்கிறார். அவருக்கும் பழக்கம் இல்லையாம்.

எனக்கும் பழக்கம் இல்லை. இதைச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை, ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஒருவன், வருகிறவர்களுக்கெல்லாம் எது புகை வாசனை அடிக்கும், எது தேன் மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். மோந்து பார்க்க மட்டும் தெரியும். ஆம்பூர்த் தோல் கம்பெனியில் பதினோரு வருடம் பழகிய மூக்கு இது. எதையும் தாங்கும்.

வாசகர்கள் கேட்டதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் பக்கம் சுலபமாக வந்தது. இரண்டாம் பக்கத்தில் பாஷா பாய் வந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் இந்த முறை நீங்கள் கேட்டதும் இருக்கும், கேட்காததும் இருக்கும்.

2

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

பீருக்கும் விஸ்கிக்கும் ஆரம்பம் ஒன்றுதான். பார்லி. அதை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, அரைத்து, வெந்நீரில் கரைத்தால் இனிப்பாக ஒரு கஞ்சி வரும். அதில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கிறார்கள். கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவையும் சேர்த்து, புளித்ததை அப்படியே குடித்தால் பீர். ஹாப்ஸ் போடாமல், புளித்ததைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து, ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் போட்டுவைத்தால் விஸ்கி. இந்த நாட்டில் மூன்று வருடமாவது பீப்பாயில் கிடக்காவிட்டால் அதற்கு விஸ்கி என்று பெயர் வைக்க முடியாது. பீரில் போதை நூற்றுக்கு நாலு ஐந்து பங்கு, விஸ்கியில் நாற்பது பங்கு.

பீரில் லாகர் என்பது குளிரில் மெதுவாகப் புளிப்பது. வெளிறிய மஞ்சள் நிறம், லேசான சுவை. நம் ஊரில் பீர் என்று விற்பது பெரும்பாலும் இதுதான். ஏல் என்பது கொஞ்சம் வெதுவெதுப்பில் சீக்கிரம் புளிப்பது, பழ வாசனை ஜாஸ்தி. பார்லியைக் கருக வறுத்துச் செய்தால் கறுப்பாக, டிகாக்ஷன் மாதிரி கசப்பாக வரும், அது ஸ்டவுட்.

விஸ்கியில், ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது சிங்கிள் மால்ட். கோதுமை, மக்காச்சோளம் எல்லாம் சேர்த்துப் பெரிய ஆலைகளில் செய்வது கிரெய்ன் விஸ்கி. இரண்டையும் கலந்தால் பிளெண்டட். உலகத்தில் விற்பதில் பாதிக்கு மேல் இந்தக் கலவைதான் என்று எங்கள் மேலாளர் சொல்வார். பார்லியைக் காயவைக்கும்போது கீழே சதுப்பு நிலத்து மண்கட்டியை எரித்தால் அந்தப் புகை ஏறிக்கொள்ளும், அது பீட்டட். பெரும்பாலும் மக்காச்சோளத்தில் செய்து, உள்பக்கம் கருக்கிய புதுப் பீப்பாயில் போடுவது அமெரிக்காவின் போர்பன். நம் ஊரில் விஸ்கி என்று விலை மலிவாக விற்பதில் பெரும்பங்கு கரும்புச் சக்கைப்பாகில் காய்ச்சிய சாராயம். அதில் கொஞ்சம் விஸ்கியும் நிறமும் கலந்திருக்கும். அதை இங்கே கொண்டுவந்தால் விஸ்கி என்று விற்கவிட மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இவ்வளவும் தெரியாது. மது விற்கிறவர்கள் இரண்டு மணி நேரப் பயிற்சி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். யாருக்கு விற்கக் கூடாது என்று மட்டும்தான் அதில் சொல்லித்தருவார்கள். மிச்சத்தை நானே படித்துக்கொண்டேன். தோல் வியாபாரத்தில் 'ஃபுல் கிரெய்ன்' என்றால் முதல் தரம். அந்த நினைப்பில், முதல் வாரம் ஒரு பெரியவரிடம் கிரெய்ன் விஸ்கிதான் இருப்பதிலேயே உசத்தி என்று அடித்துச் சொன்னேன். அந்தப் பெரியவர் வாழ்நாள் முழுவதும் மால்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் வியாதி எனக்குப் புதிதில்லை. ஆம்பூரில் அது ஒரு தடவை வந்தபோது விலை கொடுத்தது வேறு ஆள்.

3

இந்தக் கடிதங்கள் வந்த வாரத்தில்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தோம். மனைவி ஸ்டெல்லா இங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவள் வேலைக்கு வந்தாள், நான் அவளைச் சார்ந்தவனாக வந்தேன். 'சார்ந்தவர்' என்பது விசாவில் போட்ட வார்த்தை. பதினோரு வருடம் ஆகியும் அந்த வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை.

படிவத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். என் மகள் ஷாரன் தட்டச்சு செய்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னேன். ஷாரனுக்குப் பதினாலு வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அதுவும் இந்த ஊர் ஆங்கிலம், எனக்குப் பாதி புரியாது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் ஒருவர் மொழி இன்னொருவருக்கு அரைகுறைதான். பத்து வருடத்தில் இந்த நாட்டைவிட்டு வெளியே போன நாட்கள், தங்கிய முகவரிகள், வரி எண் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தோம். பிறகு நன்னடத்தைப் பகுதி வந்தது. குற்றம், தண்டனை, திவால், தீவிரவாதம் எல்லாம் தாண்டி, கடைசியில் பொதுவாக ஒரு கேள்வி. உங்களை நல்ல நடத்தை உள்ளவர் என்று சொல்ல முடியாதபடி வேறு எதையாவது செய்ததுண்டா என்று.

"இல்லன்னு போடட்டுமா?" என்றாள் ஆங்கிலத்தில்.

நான் அந்தக் கேள்வியை மறுபடி படித்தேன்.

"அப்பா, எல்லாரும் இல்லன்னுதான் போடுவாங்க. நீ இன்னா யோசிக்கிற?" அவள் இதைத் தமிழில் சொன்னாள். நான் கலங்கியிருக்கிறேன் என்று தெரிந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"போடு" என்றேன். அவள் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். என்னால் அந்தப் பக்கத்திலிருந்து நகர முடியவில்லை.

4

பதினாறு வருடத்துக்கு முன்னால் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். முதலாளி ஹஜ் போய் வந்தவர், ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். கம்பெனிக்குள் பீடி வாசனைகூட வரக் கூடாது. நானும் சுத்தமான வீடுதான். அப்பா பள்ளித் தலைமையாசிரியர், சர்ச் சபைச் செயலாளர். எங்கள் வீட்டில் இருமல் மருந்து வாங்கினால்கூட அதில் ஆல்கஹால் இருக்கிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார்.

ஒரு ஜெர்மன்காரர் சரக்கு பார்க்க வந்து கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். நாள் முழுக்க வெயிலில் சுற்றிவிட்டு, சாயங்காலம் முதலாளியிடம் குடிக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஜெயசீலா, அவரு இன்னாவோ தண்ணி கேக்குறாரு. எனக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்சிக்கவும் வேணாம். நீ கிறிஸ்டியன் பையன், உனுக்குத் தெரிஞ்சிருக்கும். பாத்து செஞ்சிடு."

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு நினைப்பு உண்டு. பாய்களுக்குக் குடி ஆகாது, அதனால் குடி சம்பந்தப்பட்டது எல்லாம் கிறிஸ்தவனுக்கு அத்துப்படியாக இருக்கும் என்று. எனக்கும் தெரியாது முதலாளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் என்னை வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமமாக நினைக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. தலையை ஆட்டினேன். ஜெர்மன்காரரிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம், அதையும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிடும். விருந்தாளிக்கு விஸ்கிதான் மரியாதை, பீர் காலேஜ் பையன்கள் குடிப்பது என்று நானாக முடிவு கட்டினேன்.

அடுத்தது வாங்குவது. அந்த வாரம்தான் எங்கள் ஆலயத்தில் என் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்திருந்தார்கள். மூன்று ஞாயிறு பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, இவர்கள் கல்யாணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், கேட்பார். ஸ்டெல்லாவின் அப்பா வேலூரில் ஆஸ்பத்திரி ஊழியர். நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பையன் குடிக்கக் கூடாது." இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி இருக்கும்போது நான் ஒயின்ஷாப் வாசலில் நின்றால் என்ன ஆகும்?

கம்பெனி கார் டிரைவர் சையது பாஷா வெளியே நின்றிருந்தார். பாஷா பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் தலையில் வெள்ளைத் தொப்பியோடு இருப்பார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் என்னை சார் என்பார். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறியது.

"நானா சார்? நான் அந்தப் பக்கம் போனதே இல்லியே."

"ஆபீஸ் வேலைதானே பாய். நீங்க போனாதான் சரி. உங்களப் பாத்து யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"அப்ப தொப்பிய கழட்டிட்டுப் போவட்டா?"

"வேணாம், போட்டுக்கிட்டே போங்க. தொப்பி போட்டவர் வாங்கினா வேற யாருக்கோ வாங்குறாருன்னு எல்லாருக்கும் தெரியும். என்னைப் பாத்தா அப்படி நினைக்க மாட்டாங்க."

எவ்வளவு புத்திசாலித்தனமாக யோசித்திருக்கிறேன் பாருங்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எனக்குப் பேரு ஒண்ணும் தெரியாது சார், எழுதிக் குடுங்க" என்றார். ஒரு துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில், விஸ்கி, நல்லதாக ஒன்று, என்று எழுதிக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். ஜெர்மன்காரர் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றி மோந்து பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நன்றி, இது எனக்கு ஒத்துக்கொள்ளாது, குளிர்ச்சியாக ஒரு பீர் மட்டும் கிடைத்தால் போதும் என்றார். தாகத்துக்குக் கேட்ட மனிதருக்கு நான் சாராயத்தை வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்த யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

வெளியே வந்து பாஷா பாயிடம் இன்னொரு சீட்டு கொடுத்தேன். பீர், இரண்டு.

"மறுபடியுமா சார்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். போனார்.

5

முதல் நடை போனபோது அவருடைய தெருக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். நான் கணக்குப் போட்டபடியேதான் அவரும் நினைத்திருக்கிறார், பாஷா யாருக்கோ வாங்குகிறான் என்று. அதே ஆள் அங்கேயே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து பாஷா பாய் மறுபடியும் வந்து கம்பிக்குள் கையை விட்டபோது அவருடைய நினைப்பு மாறிவிட்டது. அடுத்தவருக்கு வாங்குகிறவன் ஒரு தடவை வருவான். பத்தாமல் மறுபடி வருகிறவன் குடிக்கிறவன்.

பாஷா பாய்க்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. ரமலான் மாதம் முழுக்க அவர் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கிண்டுவது அவர்தான். அவருடைய அப்பாவும் அதைச் செய்தவர் இல்லை, யாரும் அவருக்குக் கொடுத்த வேலையும் இல்லை. ஒரு வருடம் ஆள் வராமல் கரண்டியை எடுத்தவர், பன்னிரண்டு வருடமாக விடவில்லை. மத்தியானம் கம்பெனியில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போவார். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கிண்டிவிட்டு, சட்டையெல்லாம் பட்டை, கிராம்பு வாசனையோடு வந்து ஸ்டியரிங் பிடிப்பார். எனக்கு ஒரு தூக்கில் தனியாக வரும்.

அந்த வருடம் ரமலானுக்கு நாலு நாள் முன்னால் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி கம்பெனி கேட்டுக்கு வந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டனுப்பினார். இரண்டாவது ஓலை வாசித்திருந்தார்கள். மூன்றாவது பாக்கி.

"தம்பி, பாஷா ஒயின்ஷாப்புக்குப் போனது நெஜம். அவனே ஒத்துக்கிறான். ஆனா நீங்க அனுப்பிச்சீங்கன்னு சொல்றான். சீட்டு எழுதிக் குடுத்தீங்களாம். நெஜமா?"

கொஞ்ச தூரத்தில் பாஷா பாய் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. அவர் காது இங்கேதான் இருந்தது. சீட்டுகள் கடையிலேயே தொலைந்து போயிருக்கும் என்பது முதலில் என் நினைவுக்கு வந்தது. என் கையெழுத்து எங்கேயும் இல்லை. அந்த நினைப்பு வந்தவுடன் எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது பாய்" என்றேன்.

முத்தவல்லி கெட்ட மனிதர் இல்லை. என்னை இரண்டாவது தடவையும் கேட்டார். "நல்லா யோசிச்சி சொல்லுங்க. ஒரு ஆளு பேரு இது."

"இல்ல பாய். எங்க வீட்ல அந்தப் பழக்கமே கெடயாது. அப்பாவக் கேட்டுப் பாருங்க."

அப்பா பெயரைச் சொன்னதும் அவர் நம்பிவிட்டார். அப்பாவிடம் படித்தவராம். போய்விட்டார். அந்த வருடம் வேறொருவர் கஞ்சி கிண்டினார்.

 மறுநாள் பாஷா பாய் கார் கதவைத் திறந்து, "வாங்க சார்" என்றார். எப்போதும் போலத்தான் சொன்னார்.

6

படிவம் அனுப்பிய மறுநாள் ஸ்டெல்லா காலை வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாள். வாசகர் கடிதத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஷாரன் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஸ்டெல்லா சோற்றில் கை வைத்தபடியே கேட்டாள். "எந்த பாய்? நம்ம கல்யாணத்துக்கு கார் ஓட்டினவரா?"

ஆமாம், அவர்தான். ஆலயத்திலிருந்து மண்டபத்துக்கு மல்லிகைப்பூ கட்டிய கம்பெனி காரில் எங்களை ஏற்றிப் போனது பாஷா பாய். அன்று அவருக்கு நோன்பு. பிரியாணிப் பந்தியின் பக்கமே வராமல் மண்டபத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றார். நான் முதலாளியிடம் வேறு டிரைவர் கேட்டிருந்தேன். அவர், பாஷாதான் நிதானமாக ஓட்டுவான் என்று சொல்லிவிட்டார்.

"அந்த மூணாவது ஓலை வாசிச்சப்ப நானும் எங்க சர்ச்சில உக்காந்திருந்தேன்" என்றாள் ஸ்டெல்லா. "ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு கேட்டாங்க. அந்த மனுஷன் நெனச்சிருந்தா எங்கப்பாகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். உன்னைப் போட்டுக் குடுத்திருக்கலாம். சொல்லல. கார் ஓட்டினாரு."

"ஆமா."

"எங்கப்பா சாவற வரைக்கும் என் மாப்பிள்ள தங்கம்னு சொல்லிட்டிருந்தாரு."

 தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். குடிக்காத மாப்பிள்ளை என்பது உண்மைதான். அந்த உண்மையைக் காப்பாற்றத்தான் இன்னொருவரைக் குடிகாரர் ஆக்கினேன் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

ஷாரன் இறங்கி வந்தாள். "அவர் இருக்காரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தெரியாது என்றேன். "பதினோரு வருஷமா இருக்காரான்னுகூடத் தெரியாதா?" என்றாள். என் மகள் என்னைவிட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறாள், இந்த ஊர்ப் பிள்ளையாகவே ஆகிவிட்டாள் என்று இதே பக்கங்களில் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு பாஷா பாய் பக்கம் நின்றது அவள்தான், நான் இல்லை என்பதுதான் உண்மை. தூரம் போனது நான்.

7

பழைய கம்பெனி நண்பர் ஒருவர் மூலம் எண் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன், அங்கே சாயங்காலம். ஒரு பெண் எடுத்து, "வாப்பா, உங்களுக்கு ஃபாரின்லேர்ந்து" என்று கொடுத்தாள்.

"யாரு, ஜெயசீலன் சாரா? நல்லா கீறீங்களா சார்? அம்மா, பாப்பா எல்லாம்?"

குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. கண்ணில் புரை விழுந்து வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டாராம். மகள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள், பேத்தி மூன்றாவது படிக்கிறாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் நடுவில் புகுந்து, "பாய், நான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்றேன்.

அவர் எதற்கென்று கேட்கவில்லை.  டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"இப்ப இன்னா சார் திடீர்னு?"

"உங்களுக்கு நெனவிருக்கா பாய்?"

"நெனவில்லாம? கரண்டி போச்சே சார்."

 அவரே மறுபடி ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதீங்க. நீங்க இப்ப அந்த மாதிரி கடையிலதான் வேல செய்றீங்கன்னு சொன்னாங்க. எனுக்கு இத்தினி வருஷமா ஒண்ணு புரியல. மொதல்ல கொண்டாந்தத அந்த வெள்ளக்காரரு வேணாம்னுட்டு, ரெண்டாவது கொண்டாந்தத குடிச்சாரே. ரெண்டுத்துக்கும் இன்னா சார் வித்தியாசம்? தூக்கினு வந்தவன் நான், எனுக்கே தெரியாது."

தினமும் நூறு பேருக்குச் சொல்கிறேன்.  அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னேன். பீர் என்பது பார்லி புளித்த தண்ணி பாய், வெயில்ல களைச்சு வந்தவங்க தாகத்துக்குக் குடிக்கிறது. விஸ்கி அதையே காய்ச்சி எடுக்கிறது, பத்து மடங்கு போதை. நாம வாங்கினது அதுகூட இல்ல, கரும்புச் சாராயம். அவர் கேட்டது தாகத்துக்கு. நான் அது தெரியாம எழுதிட்டேன்.

அவர் கவனமாகக் கேட்டார். "அப்ப மொதல் சீட்டுலயே பீருன்னு எழுதிருந்தா, நான் ஒரே நடதான் போயிருப்பேன்."

"ஆமா பாய்."

"ஒரு நட போனதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல சார். ரெண்டாவது நடதான் பேஜாராப் போச்சு." கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாகத் தேடிய ஒரு ஸ்குரூ கிடைத்தது போலச் சொன்னார்.

முத்தவல்லியிடம் நான் பேசுகிறேன், போனிலேயே எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அவரு மௌத்தாயி, அடக்கம் பண்ணி ஏழு வருஷம் ஆச்சு சார். கேட்டவங்க யாரும் இல்ல. பேரு மட்டும் நின்னுடுச்சு."

"என்ன பேரு?"

தயங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "ரவுண்டு பாய்னு கூப்புடுவாங்க சார். ரெண்டாவது ரவுண்டுக்குப் போனேன்ல. சின்னப் பசங்களுக்கு எதுக்குன்னு தெரியாது, அவங்களும் அதேதான். எம் பேத்தி கேக்குறா, தாத்தா, நீ இவ்ளோ ஒல்லியா கீறியே, ஒன்ன எதுக்கு ரவுண்டு பாய்ன்றாங்கன்னு. இன்னா சார் சொல்லட்டும் அவகிட்ட?"

அவர் சிரித்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஊரைவிட்டு வந்து, நாடு மாறி, பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நான் செய்ததற்கு அவருக்கு ஒரு பெயர் கிடைத்து, அதைச் சொல்லிக் கூப்பிடும் குரலுக்கெல்லாம் அவர் பதினாறு வருடமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நான் என்ன செய்யணும் பாய், சொல்லுங்க" என்றேன்.

"நீங்க இன்னாவோ பத்திரிகையில எழுதுறீங்களாமே, நம்பர் குடுத்தவரு சொன்னாரு. எம் பொண்ணு கம்பெனியில ஒருத்தரு வாங்குறாரு."

எழுதுகிறேன் என்றேன். ஆனால் புனைபெயரில்தான், 'பனியூரான்' என்று, ஒன்றிரண்டு நண்பர்களைத் தவிர யார் என்று யாருக்கும் தெரியாது என்றேன். அதையும் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்போதும் ஒளிந்துகொள்ள ஒரு சந்து தேடியிருப்பேன் போல.

"எழுதுங்க சார். நடந்தத அப்டியே எழுதுங்க. பேரு போட்டு எழுதுங்க."

"உங்க பேரா பாய்?"

"எம் பேருதான் ஊருக்கே தெரியுமே" என்றார் பாஷா பாய். "உங்க பேரு சார்."

8

எனவே எழுதுகிறேன்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், ஆம்பூர் பைபாஸ் ரோட்டு மதுக்கடைக்கு சையது பாஷா இரண்டு முறை போனார். இரண்டு முறையும் அனுப்பியது நான். முதல் முறை விஸ்கி, இரண்டாம் முறை பீர். இரண்டையும் சீட்டில் எழுதிக் கொடுத்தது நான். அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, அன்றும் இல்லை, என்றும் இல்லை. பள்ளிவாசலிலிருந்து வந்து கேட்டபோது அவர் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். இதைப் படிக்கிற ஆம்பூர்க்காரர்கள், அந்தத் தெருவில் யாரையாவது தெரிந்தால், படித்துக் காட்டுங்கள்.

அப்பா, ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது நீங்கள் இதைப் படித்து முடித்திருப்பீர்கள். போனை எடுங்கள்.

இப்படிக்கு,
சா. ஜெயசீலன்
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாமுவேலின் மகன்
ஆம்பூர்